மூன்று தட்டு

ஒரு நாளைக்கு முந்நூறு முறை "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்கிறவளுக்கு ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்? ஜீரோ அக்கா. பெட்ரோல் பங்க்கில் மேனேஜர் முதல் காற்றடிக்கிறவர் வரை அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பதினோரு வருடத்தில் அந்த வாக்கியம் நாக்கில் தழும்பாகிவிட்டது. வீட்டில் சோறு பரிமாறும்போதுகூடக் கரண்டியைத் தட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுவாள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற அவள் புருஷன் காலித் தட்டைத் தூக்கிக் காட்டி, "பாத்துட்டேன், போடு" என்பார்.

மீட்டரில் முந்தைய ஆளின் கணக்கு அழிந்து பூஜ்ஜியம் வந்துவிட்டதா என்று வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வதற்காகத்தான் அந்த வாக்கியம். பார்க்கிறவர்கள் நூற்றுக்கு நாலு பேர். மீதிப் பேர் ஃபோனைப் பார்ப்பார்கள், ஆகாயத்தைப் பார்ப்பார்கள், பக்கத்து வண்டிக்காரன் எவ்வளவுக்குப் போடுகிறான் என்று பார்ப்பார்கள். வெளியே போய் டீக்கடையில், "பங்க்ல பூரா ஏமாத்துறானுங்க" என்று முழங்குகிறவர்களும் இவர்களேதான்.

நூறுக்குப் போட்டால் ஏமாற்றுவார்கள், நூற்றுப்பத்துக்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்று எந்தக் கணித மேதையோ கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிவைத்திருக்கிறான். அதனால் எல்லோருக்கும் நூற்றுப்பத்து. போட்டு முடித்ததும் பைக்கை இடுப்போடு அணைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குலுக்குகிறவர்கள் உண்டு. குலுக்கினால் பெட்ரோல் பெருகும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ. குழாயை எடுத்த பிறகும், "இன்னும் சொட்டுது, இன்னும் சொட்டுது" என்று பால்குடி மறக்காத கன்றுக்குட்டி போல அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் உண்டு. குளிரில்தான் பெட்ரோல் கெட்டியாக இருக்கும் என்று காலை ஆறு மணிக்கே வந்து கொட்டாவி விடுகிற வாத்தியார் ஒருவர். ஐம்பதுக்குப் போட்டுவிட்டு இருப்பதிலேயே பெரிய நோட்டை நீட்டி, "சில்லறைகூட இல்லாம என்ன பங்க் நடத்துறீங்க?" என்று கேட்கிற கனவான் ஒருவர். பணம் அனுப்பியாகிவிட்டது என்று ஃபோனை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, அவள் படிப்பதற்குள் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறவர்களைக் கணக்கெடுக்க முடியாது. மழை வந்தால் கூரைக்கு அடியில் ஒதுங்கும் கூட்டம் தனி. சும்மா நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு ஆளுக்கு முப்பது, நாற்பது என்று போட்டுக்கொள்வார்கள். மனிதனுக்கு வெட்கம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று ஜீரோ அக்காவுக்குத் தெரிந்தது மழை நாட்களில்தான்.

இத்தனை பேருக்கும் நடுவில் ராஜா மாதிரி வருகிறவர் ஃபுல் டேங்க்.

அவருடைய கார் சந்தன நிறம். பின்பக்கத்து இடது கதவு மட்டும் நீலம். ஏதோ ஒரு செத்துப்போன வண்டியிடமிருந்து தத்தெடுத்தது. தனியாக வரமாட்டார். உறவுக்காரர், பழைய சிநேகிதர் என்று பார்வையாளர்கள் யாராவது உள்ளே இருக்க வேண்டும். இறங்குவார். பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொள்வார். "ஃபுல் பண்ணும்மா. இந்த அம்பதுக்கும் நூறுக்கும் போடுற பழக்கம் நம்ம பரம்பரையிலயே கிடையாது" என்று மூன்றாவது பம்ப்பில் நிற்பவனுக்கும் கேட்கும்படி சொல்வார். அதற்குப் பிறகு மோதிர விரலால் வண்டியின் கூரையில் தட்டுவார். டொக், டொக், டொக்.

மூன்று தட்டுக்கு மூன்று நூறு. அந்த ஒப்பந்தத்துக்கு வயது மூன்று. முதல் தடவை அப்படிக் கத்திவிட்டு, அவள் பக்கம் குனிந்து, வேறு யாருடைய தொண்டையையோ இரவல் வாங்கியது போன்ற குரலில், "முந்நூறுக்குப் போடும்மா. இனிமே மூணு தட்டுனா மூணு, ரெண்டு தட்டுனா ரெண்டு. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து அவருடைய அகன்ற முதுகு மீட்டரை மறைத்துக்கொள்ளும். அவள் முந்நூறுக்கு அடித்துவிட்டு, டேங்க் நிறைய ஆகிற நேரம் வரைக்கும் குழாயைச் சும்மாவே பிடித்துக்கொண்டு நிற்பாள். அது அவள் சொந்தக் கைச்சரக்கு. நாடகம் என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்யக்கூடாது அல்லவா?

டிக்கெட் இல்லாத நாடகம் என்று அவளும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அது தன் வீட்டு வாசலுக்கே வரும் என்று யார் கண்டது?

*

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம், கண்ணாடிக் கடையில் கண் அளவெடுக்கிற ஒருவனைத் தனக்குப் பிடித்திருக்கிறது, கட்டிக்கொண்டால் அவனைத்தான் என்று சொன்னாள். சொன்ன கையோடு ஃபோனில் படத்தையும் காட்டினாள். ஒல்லியாக ஒருவன் காரில் சாய்ந்து நின்றான். ஜீரோ அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த நீலக் கதவைப் பார்த்தாள்.

"இந்த வண்டி யாரோடது?"

"அவங்க அப்பாவோடது. ஏம்மா?"

"வேணாம்."

"எது வேணாம்?"

"அந்த வீடு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பழைய கம்ப்ரஸர் ஒன்றை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காரணம் சொல்லும்மா."

"அவரு பெட்ரோல் போடுறதைப் பாத்திருக்கேன்."

"பெட்ரோல் போடுறதுல என்ன இருக்கு?"

"சொல்ல மாட்டேன். அது அவருக்கும் எனக்கும் உள்ள விஷயம்."

கம்ப்ரஸர் துடைப்பது நின்றது. "எனக்குத் தெரியாம உனக்கு என்ன விஷயம்?" என்றார் புருஷன்.

"உங்க புத்தி போற போக்கைப் பாரு. தொழில் ரகசியங்க. டாக்டரு நோயாளியைப் பத்தி வெளிய சொல்லுவாரா?"

"நம்ம டாக்டரு சொல்லுவாரு."

"வெளிவேஷக் குடும்பம்டி அது" என்றாள் மகளிடம். "எங்கப்பா ஓடாத வாட்ச்சைக் கட்டிக்கிட்டு ஊருக்கே மணி சொன்னவரு. அந்த வாட்ச்சுக்காக எங்கம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேச்சா. அவரு ஜம்பத்துக்கு அவ கைதான் தேஞ்சுது. நீயும் தேயணுமா?"

"அவரை வெச்சு இவரை எப்படிம்மா சொல்றே?"

"அவசரப்படாதீங்க ரெண்டு பேரும்" என்றார் புருஷன். "அவங்க வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பாக்காம எதுவும் சொல்ல முடியாது. வெளிய கண்ணாடி மாதிரி தொடச்சு வெச்சிருப்பான். திறந்தா ஒரு தண்ணி பாட்டிலும் காஞ்சுபோன எலுமிச்சம்பழமும் இருக்கும். நான் எத்தனை வீடு பாத்திருக்கேன்."

"ஒருத்தருக்குப் பெட்ரோலு, ஒருத்தருக்கு ஃபிரிட்ஜு. நான் மட்டும் அவர் ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா வந்து சொல்றேன்?"

"பண்ணலியா?" என்றார் அப்பா.

மகள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "பண்ணினேன். சர்க்கரை கிர்க்கரை ஒண்ணும் இல்ல."

அப்பா திருப்தியாகக் கம்ப்ரஸருக்குத் திரும்பினார். மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் பெட்ரோல் வாசனை வரும். சோப்புக்கெல்லாம் அது அசையாது. சின்ன வயதில் அம்மா என்றால் அந்த வாசனைதான் அவளுக்கு.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றாங்க. நீ பாரு. பாத்த பிறகும் வேணாம்னா சரி, உன்னை மீறிப் பண்ணிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன். அவ்வளவுதான்."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். ஜீரோ அக்கா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு முடிய வேண்டிய ஷிஃப்ட், மாற்றுக்கு வர வேண்டியவள் வராததால் மூன்று மணிக்கும் முடியவில்லை. வெயில் சிமெண்ட் தரையில் அடித்து முகத்துக்கு ஏறியது. தலையில் கம்பெனித் தொப்பி. மூக்கையும் வாயையும் மறைத்து வழக்கமாகக் கட்டுகிற துணி. கண் மட்டும்தான் வெளியே. அந்தக் கண்ணுக்கு எதிரே நீலக் கதவோடு கார் வந்து நின்றது.

முன்னால் ஃபுல் டேங்க்கும், வெளியூரிலிருந்து வந்திருந்த அவர் மனைவியின் அண்ணனும். அவர் பெரிய காண்ட்ராக்டர் என்பதைச் சட்டையே சொன்னது. பின்னால் மனைவி. அவள் பக்கத்தில் கண்ணாடிக் கடைப் பையன்.

ஃபுல் டேங்க் இறங்கினார். இன்று புதுச் சட்டை.

"ஃபுல் பண்ணும்மா. மச்சான், நம்மகிட்ட பாதி வேலையே கிடையாது. போட்டா ஃபுல்லு."

டொக், டொக், டொக்.

"ஜீரோ பாத்துக்குங்க" என்றாள் ஜீரோ அக்கா.

"உங்கமேல நம்பிக்கைதாம்மா" என்றார், மீட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

எண்கள் ஓடின. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். மூவாயிரம் ஏறும். பர்ஸைத் திறந்து எச்சில் தொட்டு எண்ணும்போது மச்சான் பார்ப்பார், பையன் பார்ப்பான், நாலு மணிக் கூட்டம் இங்கேயே கலைந்துவிடும். மகளிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. இருநூற்றுத் தொண்ணூறு வந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றாறு. முந்நூறில் விரல் தானாகவே விட்டது. பதினோரு வருடமாகச் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு போட்டுப் பழகாத விரல். எசமானியின் குடும்பக் கவலை அதற்கென்ன தெரியும்? வழக்கம்போலக் குழாயை மட்டும் நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஃபுல் டேங்க் மூன்று நோட்டுகளை நாலாக மடித்து, மூவாயிரம் கொடுப்பது போன்ற தோரணையில் அவள் கையில் திணித்தார். "வாங்க மச்சான், முகம் கழுவிட்டுப் போவோம். இங்க நமக்குத் தனி மரியாதை" என்று, எல்லோருக்கும் இலவசமான கழிவறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் மூலை திரும்பியதும் பையன் இறங்கி வந்தான்.

"அக்கா, ஃபுல் பண்ணிடுங்க."

மெதுவாகச் சொன்னான். ஃபுல் என்பதை ஒருவர் இவ்வளவு மெதுவாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"இப்பத்தானே தம்பி ஃபுல்லுன்னாரு உங்கப்பா?"

"நீங்கதானேக்கா சும்மாவே பிடிச்சிட்டு நின்னீங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

"தெரியாமலே இருக்கட்டும்" என்று சிரித்தான். கழிவறைப் பக்கம் ஒரு கண் இருந்தது. "அப்பாவை வேலையிலிருந்து அனுப்பி மூணு வருஷமாச்சு. நாப்பது பேருக்கு லீவு லெட்டர்ல கையெழுத்து போட்டுட்டிருந்தவரு. மாமாவுக்குத் தெரியாது. இப்ப அவருக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த வண்டியும் இந்த ஃபுல்லும்தான். வழக்கமா வாராவாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நானே போட்டுட்டு வந்துடுவேன். வண்டி லிட்டருக்கு இருபத்திரெண்டு குடுக்குதுன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறாரு. இன்னிக்கு மாமா வேற பக்கத்துல உக்காந்திருக்காரு, பெட்ரோல் முள்ளைப் பாத்தா மானம் போயிடும். சீக்கிரம் போடுங்கக்கா."

அவள் எண்களை அழித்தாள். குழாய் உள்ளே போனது. அப்போது நீலக் கதவின் கண்ணாடி இறங்கி, இரண்டு நூறு நோட்டோடு ஒரு கை வெளியே வந்தது.

"இதையும் சேத்துக்கம்மா" என்றாள் பையனின் அம்மா.

"அம்மா, நீ எதுக்கு?"

"சும்மா இருடா. புதன்கிழமை புதன்கிழமை கடைக்குப் போறப்ப நான் கேன்ல ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வந்து ஊத்திட்டுத்தான் இருக்கேன். நீ போடுறது எனக்குத் தெரியும். நான் ஊத்துறதுதான் உனக்குத் தெரியாது."

பையன் வாயைப் பிளந்தான். "அதானே பாத்தேன். நான் போட்டதுக்கு மேலயும் ஓடுதேன்னு நானே அசந்து போயிருக்கேம்மா. நிஜமாவே அப்பா கால்ல ஏதோ ராசி இருக்குன்னு நம்பிட்டேன்."

ஜீரோ அக்காவுக்குத் துணிக்குள் சிரிப்பு முட்டியது. அடக்குவதற்காகத் தலையைத் திருப்பினாள். திரும்பிய இடத்தில் ஃபுல் டேங்க் நின்றார்.

கழிவறையிலிருந்து தனியாக வெளியே வந்திருந்தார். காரைப் பார்த்தார். காருக்குள் போயிருந்த குழாயைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். இரண்டடி பின்னால் எடுத்துவைத்து, தண்ணீர்த் தொட்டியின் மறைவில் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தார். அவசரமில்லாமல், ஒரு காலை முடித்துவிட்டு அடுத்த காலுக்குப் போனார். அவர் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

குழாய் 'டக்' என்று நின்றது. பையன் கார்டைத் தேய்த்தான், பில் வேண்டாம் என்றான், அம்மாவின் இருநூறை அம்மாவிடமே திணித்துவிட்டு ஏறிக்கொண்டான். ஜீரோ அக்கா மூடியைத் திருகி, வேண்டுமென்றே சத்தம் வரச் சாத்தினாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் தொட்டிக்குப் பின்னால் லேஸ் கட்டி முடிந்தது. மச்சானும் கையை உதறிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"பாத்தீங்களா மச்சான், முள்ளு எப்படி நிக்குதுன்னு" என்று சாவியைத் திருகினார் ஃபுல் டேங்க். குரலில் அதே கம்பீரம். கண்ணாடியில் பின்னால் இருந்த மகனை ஒரு தடவை பார்த்துவிட்டு, உடனே ரோட்டைப் பார்த்தார்.

*

மாற்று ஆள் வந்து, புருஷன் வந்து, அவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறும்போது மூன்றே முக்கால்.

"என்ன முடிவு?" என்றார் அவர்.

"அந்த வீட்டுல மூணு பேரும் பொய் சொல்றாங்க."

"அப்ப வேணாம்."

"மூணு பேரும் ஒருத்தர் பொய்யைத்தான் காப்பாத்துறாங்க. அவருக்கும் அது தெரியும்."

அவர் சிக்னல் வரை யோசித்தார். "ஒண்ணும் புரியல."

"எனக்கும் முழுசாப் புரியல. எங்கப்பாவுக்கு ஒரு நாளாவது வெக்கத்துல எங்கம்மா முகத்தைப் பாக்க முடியாமப் போயிருந்தா... நேராப் பாத்து ஓட்டுங்க."

அவர்கள் சரியாக நாலு பத்துக்கு வந்தார்கள். பெண்ணின் அம்மாவுக்கு ஏதோ ஒரு பங்க்கில் வேலை என்று மட்டும்தான் பையனுக்குத் தெரியும். தொப்பியும் துணியும் இல்லாத ஜீரோ அக்காவை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. சீருடைக்கு உள்ளே முகம் ஒன்று இருக்கும் என்று யார் நினைக்கிறார்கள்? ஃபுல் டேங்க் இருந்த ஒரே கை வைத்த நாற்காலியில் தானாகவே அமர்ந்தார். அமர்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாதுங்க. தடவணும். குழந்தை கன்னத்தைத் தடவுற மாதிரி. எனக்கு இருபத்திரெண்டு குடுக்குது."

பையனும் அவன் அம்மாவும் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள்.

"உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கு எத்தனை வயசு இருக்கும்?" என்று கேட்டார் ஜீரோ அக்காவின் புருஷன், கல்யாணப் பேச்சின் முதல் கேள்வியாக.

"பதினெட்டு" என்றாள் பையனின் அம்மா.

"திறந்தா லைட் எரியுதுங்களா?"

"லைட் பளிச்சுன்னு எரியும். அதுக்குக் கீழதான் ஒண்ணும் இருக்காது."

ஃபுல் டேங்க் இருமினார். ஆனால் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத் தொழிலில் எந்த வீட்டுக்காரியும் திறப்பதற்கு முன்பே உண்மையைச் சொன்னதில்லை.

மகள் தட்டில் கப்புகளைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அதில் ஒன்றும் படிக்கக் கிடைக்காமல் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். ஜீரோ அக்கா டீக் கெட்டிலைத் தூக்கி, முதல் கப்புக்கு மேல் பிடித்தாள். பிடித்த கை பம்ப்பை நினைத்துக்கொண்டது. வாய் கையோடு போனது.

"ஜீரோ பாத்துக்குங்க."

பையனுக்குப் புரையேறியது, இன்னும் எதையும் குடிக்காமலே. அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஃபுல் டேங்க்கின் வாய் அடுத்த ஜம்பத்துக்குத் திறந்தபடியே நின்றது. அவர் அவளுடைய கண்களைப் பார்த்தார். முகத்தின் மீதியை இன்றுதான் பார்க்கிறார். கண்களை மூன்று வருடமாகத் தெரியும்.

வந்தவர்களில் விஷயம் தெரியாதவர் மச்சான் ஒருவர்தான். "அதென்னம்மா, ஜீரோ?" என்றார்.

"பெட்ரோல் பங்க்ல வேலை பாக்கிறேங்க. சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு. நீங்க வர்ற வழியில போட்டீங்களே, அதே பங்க்தான்."

"அட, அது நீங்கதானா? அப்ப எந்தங்கச்சி மாப்பிள்ளையை நல்லாத் தெரிஞ்சிருக்குமே. நிஜத்தைச் சொல்லுங்கம்மா. இவரு எப்பவும் ஃபுல் டேங்க்தான்னு ஊர் பூரா அடிச்சு விடுறாரு. உள்ளதா?"

ஃபுல் டேங்க் வாசலில் கழற்றிவைத்திருந்த தன் ஷூவைப் பார்த்தார். கட்டுவதற்கு லேஸ் இல்லை. பையன் கண்ணை மூடிக்கொண்டான். சுவரோரம் நின்ற மகளுக்கு எந்தத் தட்டும் தெரியாது, எந்தக் கேனும் தெரியாது. ஆனால் அம்மா இப்போது சொல்லப்போவதுதான் பதில் என்பது மட்டும் தெரிந்து, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஜீரோ அக்கா கெட்டிலைக் கீழே வைக்கவில்லை.

"இன்னிக்கு என் கையாலதாங்க போட்டேன். குழாய் தானா நிக்கிற வரைக்கும் போட்டேன். அதுக்கு மேல ஒரு சொட்டு கொள்ளாது." பையனைப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தாள். "இவங்க வீட்டு வண்டி நடுரோட்டுல நிக்காதுங்க. எம்பொண்ணு தைரியமா ஏறலாம்."

துப்பட்டா நுனி விரலிலிருந்து தானாக அவிழ்ந்தது. "அப்ப ஃபிரிட்ஜை நான் வந்து இலவசமாப் பாத்துத் தர்றேன்" என்றார் புருஷன். அது அவருடைய சம்மதம்.

"நான்தான் சொன்னேனே மச்சான்" என்றார் ஃபுல் டேங்க். சொல்ல ஆரம்பித்த குரல் பாதியில் இறங்கி, மூன்று வருடத்துக்கு முன் அவள் காதருகே கேட்ட குரலாகிவிட்டது.

அவள் அவருடைய கப்பை நகர்த்தி ஊற்றத் தொடங்கினாள். அவர் மோதிர விரல் நாற்காலிக் கையில் ஒரு தரம் தட்டியது. டொக். ஒரே ஒரு தட்டு. அவர்களுடைய ஒப்பந்தத்தில் ஒற்றைத் தட்டுக்குக் கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஒன்று என்று எடுத்துக்கொள்வதா, வேறு ஏதாவது என்று எடுத்துக்கொள்வதா?

ஜீரோ அக்கா கப்பின் விளிம்பு வரை ஊற்றினாள். விளிம்புக்கு மேலும் ஒரு நூல் கனம் டீ எழும்பி, சிந்தாமல் நடுங்கிக்கொண்டு நின்றது.

அதைக் கையில் எடுக்க வழியில்லை. ஃபுல் டேங்க் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேருக்கும் எதிரே, தலையைக் குனிந்து மேஜையிலிருந்தே உறிஞ்சினார்.